ரெக்கை வருத வரைக்கும் பேரு சொல்லாத

ஏலே, கரப்பான்பூச்சியோட புழுவ எப்பவாச்சும் பாத்திருக்கியா?

நல்லா யோசிச்சுச் சொல்லு. அடுப்படியில, அரிசிப் பானைக்குப் பின்னால, பழைய பேப்பர் கட்டுக்குள்ள? பாத்திருக்க மாட்ட. அப்படி ஒண்ணே கெடையாது. கரப்பான் முட்டைல இருந்து வரும்போதே கரப்பானாத்தான் வரும். சின்னூண்டு கரப்பான், ரெக்கை மட்டும் இருக்காது. தின்னும், தோல உரிக்கும், கொஞ்சம் பெருசாவும். திரும்பத் தின்னும், உரிக்கும், இன்னும் கொஞ்சம். கடைசித் தோல உரிச்சிட்டு வரும்போது ரெக்கையோட நிக்கும். அம்புட்டுதான் கதை. பட்டாம்பூச்சி மாதிரி கூட்டுக்குள்ள போயி ஆளே மாறி வருத சோலியெல்லாம் அதுகிட்ட கெடையாது.

இத நான் பி.எஸ்ஸி விலங்கியல்ல படிச்சேன். பரிச்சையில படம் போட்டு மார்க்கும் வாங்குனேன். ஆனா புரிஞ்சது என்னமோ தச்சநல்லூருக்கு வடக்க ஒரு வயக்காட்டுல, முட்டு வரைக்கும் சேத்துல நிக்கும்போதுதான்.

நான் ஒரு ரிட்டயர்டு ஆளு. சிரிக்காதிய. வயசு இருபத்தேழு. நெல்லுப் பூச்சிக் கணக்கெடுப்புன்னு ஒரு தற்காலிகத் திட்டம், மூணு வருசம் ஓடுச்சு, போன மார்ச்சோட மூடியாச்சு. கடைசி நாளு எங்க எல்லாத்துக்கும் மாலை போட்டு, ஆளுக்கொரு செவுத்துக் கடியாரம் குடுத்து, மைக்குல "பணி ஓய்வு பெறும் ஊழியர்கள்"னு வாசிச்சாவ. எவனோ பழைய தாள அப்படியே எடுத்து வாசிச்சிட்டான். எங்க அம்மா அதக் கேட்டுட்டு, "ஏல, ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆவலயேல"ன்னு அழுதுட்டா. ஆக, அதிகாரப்பூர்வமா நான் ஓய்வு பெற்றவன்.

இப்ப டவுண்ல என் கூட்டாளியோட டிடிபி கடையில கல்யாணப் பத்திரிகை அடிக்கேன். போன வாரம் நாலு பயலுவளும் ரெண்டு பிள்ளையளும் பயோடேட்டா அடிக்க வந்தாவ. சேரன்மாதேவி பக்கம் இதே மாதிரி புதுத் திட்டம் வருதாம், இவுக ஆறு பேரும் அதுல சேரப் போறாவளாம். நான் இதுல இருந்தவன்னு தெரிஞ்சதும், "அண்ணே, போறதுக்கு முன்னால என்னத்தப் படிச்சிட்டுப் போவணும்?"னு கேட்டானுவ. வாயால சொன்னா ரெண்டு நாளாவும். அதான் அடிச்சே குடுத்திருதேன். வேகமா அடிக்கேன், எழுத்துப் பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க.

பயிற்சியப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. பதினஞ்சு நாளு. ஃபேன் இல்லாத ஹாலு, சிலைடு படம், ரெண்டு வேள டீ. மொத நாளு "நிம்ஃபுக்குத் தமிழ்ல இளங்குஞ்சு"ன்னு சொன்னதும் பின் பெஞ்சுல நாங்க நாலு பேரு சிரிச்சோம். பாடம் எடுத்தது கோமதி மேடம். "எண்ணி முடிச்சிட்டுச் சிரிங்க சார்"னாவ. அப்ப அந்த "சார்" எதுக்குன்னு எனக்குத் தெரியல.

சொல்லுதேன். மேடம்தான் எங்க அதிகாரி. முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு வயசு இருக்கும். ஒரு மொபெட்டு, அதுக்கு முன்னால கம்பிக்கூடை, கூடைக்குள்ள வைக்கோல் சுத்துன அரிக்கேன் லைட்டு சிம்னி நாலஞ்சு. சாதாரணமா எங்கள வாடே போடேன்னுதான் பேசுவாவ. கோவம் வந்தா மரியாதை ஏறும். "என்ன சார், உக்காருங்க சார்"னு ஆரம்பிச்சிட்டாவன்னா அன்னைக்கு நம்ம கதை முடிஞ்சுது. சத்தம் போட்டு நான் கேட்டதே கெடையாது. "நினைக்கேன்"னு ஒரு வார்த்தை நம்ம வாயில வந்தாப் போதும், பேனாவ மூடி வச்சிட்டு, "எத்தன நாளு பாத்த?"ன்னு கேப்பாவ. அந்தக் கேள்விக்குப் பதிலு ஒரு நம்பரா இருக்கணும். வேற எதையும் வாங்கிக்கிட மாட்டாவ.

ஒரு சட்டம் உண்டு. வயல்ல பென்சிலுதான், மை கூடாது, தண்ணி பட்டா கலைஞ்சிரும். ஆனா ரப்பர் கொண்டு போவக்கூடாது. தப்பா எழுதுனா மேல ஒரே ஒரு கோடு. பழசு தெரியணும்.

வேலை என்னன்னா, வாரத்துக்கு ஒருக்கா அதே வயலு. புதன்கிழமைன்னா புதன்கிழமைதான், பூச்சிக்கு லீவு கெடையாதுல்லா. வரப்புல நின்னு பாத்தா செல்லாது. மூலைக்கு மூலை குறுக்க நடக்கணும், இருவது எடத்துல நிக்கணும். ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நெல்லுக் குத்த எடுத்து, இடது கையால இலைய ஒதுக்கி, வலது கையால தூர, அதாவது குத்தோட அடிய, பைய மூணு தட்டு. ஓங்கித் தட்டுனா தவளைதான் குதிக்கும், பூச்சி பறந்துரும். தண்ணியில விழுதத எண்ணணும். ரெக்கை உள்ளது தனி, குஞ்சு தனி. ஏன் தனின்னு கேளு. ரெக்கை உள்ளது நெறைய இருந்தா வெளிய இருந்து வந்து எறங்கிருக்குன்னு அர்த்தம். குஞ்சு நெறைய இருந்தா அங்கனயே குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம். வைத்தியம் வேற வேற.

மூணு பேர மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க, இந்தக் கதைக்கு அது போதும். ஒண்ணு, புகையான். தவிட்டு நெறம். தூர்ல உக்காந்து சாற உறிஞ்சும். கூடிப் போச்சுன்னா வயலு வட்டம் வட்டமாத் தீஞ்சு போயி, புகை பட்ட மாதிரி நிக்கும். ரெண்டாவது, பச்சைத் தத்துப்பூச்சி. பேருக்கு ஏத்த மாதிரி தாவும். இதுவும் சாறு உறிஞ்சுத சாதி. மூணாவது மிரிட்டு. இதுவும் பச்சைதான், ஆனா நம்ம கட்சி. புகையான் தண்டுக்குள்ள வச்ச முட்டையத் தேடிப் போயி குத்திக் குடிக்கும். மூணுமே கரப்பான் மாதிரி பைய பைய வளருத கூட்டம். புழு கெடையாது, கூடு கெடையாது.

பெருசுகளப் பாத்தா யாரும் பேரு சொல்லிரலாம். குஞ்சுலதான் வில்லங்கம். தத்துப்பூச்சிக் குஞ்சும் பச்சை, மிரிட்டுக் குஞ்சும் பச்சை. ரெண்டும் எள்ளுல பாதி. ரெண்டுக்கும் ரெக்கை கெடையாது.

என் ரெண்டாவது பிசானம், அதான் ஐப்பசியில நட்டு மாசியில அறுக்குத போகம். மார்கழி மாசம். மேடத்துக்கு ஒரு வாரம் மதுரையில மீட்டிங். போகும்போது, "ரொம்ப அவசரம்னா மட்டும் நீயே சீட்டு எழுதிக் குடு"ன்னு சொல்லிட்டுப் போனாவ. சீட்டுன்னா மருந்தடிக்கச் சொல்லுத பரிந்துரை. எனக்கு அது கெடைச்சதும் நெஞ்சு ரெண்டு இஞ்சு விரிஞ்சிட்டு.

அந்தப் புதன்கிழமை இசக்கியம்மா யக்கா வயலு. யக்காவுக்கு நாப்பது வயசு போல. வீட்டுக்காரரு மலைல தேயிலை எஸ்டேட்டுல வேலை, மாசத்துக்கு ஒருக்கா எறங்குவாரு. ரெண்டு பிள்ளையளையும் வச்சிக்கிட்டு அந்த ஒரு துண்டு வயல யக்காதான் பாத்துக்கிட்டா. பிசானத்துல அதுல வெளையுததுதான் அந்த வீட்டுல வருசம் பூராவும் சோறு.

அன்னைக்குத் தட்டுனா, தட்டுன குத்துல எல்லாம் பச்சைக் குஞ்சு. எண்ணி மாளல. பென்சிலால "தத்துப்பூச்சி, குஞ்சு"ன்னு இருக்குத கட்டத்துல கோடு கோடாப் போட்டுட்டே வந்தேன். மருந்தடிக்கணும்ங்குத அளவத் தாண்டிட்டு. யக்கா எனக்குப் பின்னாலயே குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டு வந்தா.

"தம்பி, இது ஓடுதுல்லா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"தத்துப்பூச்சின்னா தாவணும்லா. இது எறும்பு மாதிரி ஓடுதே?"

நான் சிரிச்சேன். சத்தியமா சிரிச்சேன். "யக்கா, இது குஞ்சு. இதுக்கு இன்னும் தாவத் தெரியாது. பெருசானா தாவும்."

"அப்படியா?"

"நான் இதத்தாம் படிச்சிட்டு வந்திருக்கேன்."

"சரி எய்யா. நீ காலேசு படிச்சவன். நான் களை பறிக்கவ."

சீட்டு எழுதிக் குடுத்தேன், கையெழுத்தும் போட்டேன். மறுநாளே ஆள வச்சி அடிச்சிட்டா. அதுல ஒரு விசயம், பத்துக் குஞ்ச மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்து ஆபீசுல தொட்டியில ஒரு நெல்லுக் குத்த நட்டு வச்சி, மேல சிம்னியக் கவுத்தி, சிம்னி வாயில மல்லுத் துணி கட்டி விட்டிருந்தேன். நல்ல புத்தியில செஞ்சது இல்ல. சீட்டுக் குடுத்த பூச்சிய வளத்துப் பாக்கணும்ங்கது மேடம் சட்டம். "ரெக்கை வருத வரைக்கும் பேரு சொல்லாத"ன்னு செவுத்துல எழுதியே போட்டிருந்தாவ. நான் பேரு சொல்லிட்டுத்தான் வளத்தேன்.

நாலாவது நாளு பத்தும் செத்துக் கெடக்கு.

மேடம் மதுரையில இருந்து வந்தாவ. பைய சிம்னியத் தூக்கிப் பாத்தாவ.

"செடி எப்படி இருக்கு?"

"நல்லாப் பச்சையா இருக்கு மேடம்."

"சாறு உறிஞ்சுத பூச்சி பத்து. நாலு நாளு. செடி அப்படியே இருக்கு, பூச்சி பட்டினியில செத்துக் கெடக்கு." சிம்னியக் கீழ வச்சாவ. "அப்ப இது என்னத்தத் தின்னுத பூச்சி சார்?"

சார்.

யக்கா வயலுக்குப் பக்கத்து வயலு ஒரு அண்ணாச்சியோடது. அவருக்கு டவுண்ல பாத்திரக்கடை, வயல எட்டிப் பாக்க நேரம் கெடையாது. மருந்தும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. அங்கன போயி அதே பச்சைக் குஞ்சு பத்துப் பிடிச்சேன். இந்தத் தடவ சிம்னிக்குள்ள புகையான் முட்டை வச்ச செடி. அடுத்த ரெண்டு வாரமும் நான் வேற எதையும் பாக்கல. குஞ்சு தண்டுல மேலயும் கீழயும் ஓடும், நிக்கும், குத்தும், ஓடும். ஒரு நாளு காலைல போனா கண்ணாடி மாதிரி ஒரு தோலு தண்டுல ஒட்டியிருக்கும், பக்கத்துல குஞ்சு கொஞ்சம் பெருசா நிக்கும். அப்புறம் முதுகுல ரெண்டு பக்கமும் மொட்டு. அடுத்த தோலுல அந்த மொட்டு இடுப்பு வரைக்கும். கடைசித் தோலுல முழு ரெக்கை. தலையில கறுப்பு, தோளுல கறுப்பு, மிச்சம் பச்சை. மிரிட்டு.

மொத நாளுல இருந்து கடைசி நாளு வரைக்கும் அது தாவவே இல்ல. பொறந்ததுல இருந்து ஓடுச்சு, பெருசாயும் ஓடுச்சு. இந்தக் கூட்டத்துல அதுதாம் விசயம். தாவுத சாதின்னா பொறந்த அன்னைக்கே தாவும். குஞ்சுக்கும் பெருசுக்கும் ஒரே காலு, ஒரே வாயி, ஒரே சோறு. ரெக்கை மட்டும்தான் பாக்கி. நான் பட்டாம்பூச்சி கணக்க இங்கன கொண்டாந்து போட்டுட்டேன். களை பறிக்குத யக்காவுக்குத் தெரிஞ்சது மார்க்கு வாங்குனவனுக்குத் தெரியல.

என் சீட்டு கொன்னது யக்கா வயலுல காவலுக்கு நின்ன அத்தன மிரிட்டையும். புகையான் முட்டை தண்டுக்குள்ள பத்திரமா இருந்துக்கிட்டு. பொங்கல் கழிஞ்சு மூணாவது நாளு யக்கா வயலு நடுவுல ஒரு வட்டம். ரெண்டு பாய் விரிக்கலாம், அவ்வளவு அகலம். தீஞ்சு நிக்கு.

நானும் மேடமும் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே நெனப்பு: கடைக்காரன் மருந்த மாத்திக் குடுத்துட்டான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யக்கா நம்பிருவா, கடைக்காரன் எங்கன வந்து கேக்கப் போறான். மேடம் மொபெட்ட ரோட்டோரமா நிறுத்துனாவ. "நீங்க என்ன சொல்லணுமோ அதச் சொல்லிட்டு வாங்க சார். நான் வண்டிகிட்ட நிக்கேன்."

யக்கா வரப்புல குத்த வச்சி உக்காந்திருந்தா.

"யக்கா, அது தத்துப்பூச்சி இல்ல. நல்ல பூச்சி. நான் தப்பாச் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

"ஓடுதுன்னு சொன்னேம்லா?"

"சொன்ன."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"ஆமா யக்கா."

"கோட்டிப் பயல, சின்னதுக்குத் தாவத் தெரியாதுன்னு சிரிச்சியேல. எங்க வீட்டு ஆட்டுக்குட்டி பொறந்த அன்னைக்கே தாவுது, அது எந்தக் காலேசுக்குப் போச்சு?" சொல்லிட்டு அந்த வட்டத்தப் பாத்தா. சத்தம் கொறைஞ்சிட்டு. "இது போச்சுன்னா எம்புள்ளையளுக்கு ஆடி வரைக்கும் கூட அரிசி வராது, தெரியுமா ஒனக்கு?"

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. யக்கா அதையும் பாத்துட்டா.

"ஏ மூதி, அழுவாத. நீ அழுதா புகையான் எந்திரிச்சுப் போயிருமா? இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு. ஒங்க மேடம் எதுக்கு அங்கன சீமைக் கருவைகிட்ட நிக்காவ? வரச் சொல்லு."

அதுக்கப்புறம் நடந்தது வேலை. மடைய அடைச்சு வயலு தண்ணிய வடிச்சோம். பட்டம் பிரிச்சோம், அதாவது எட்டடிக்கு ஒரு எடத்துல நெல்ல ரெண்டு பக்கமும் சாச்சு விட்டு, தூர்ல வெயிலு படுத மாதிரி சந்து விடுதது. தீஞ்ச வட்டத்தச் சுத்தி மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல். யூரியாவ நிறுத்தியாச்சு. இதெல்லாம் மேடம் சொன்னது. ஒண்ணே ஒண்ணு நான் சொன்னது.

"மேடம், அண்ணாச்சி வயல்ல மிரிட்டு நெறைய இருக்கு. கொண்டு வந்து இங்கன விட்டா என்ன?"

"பறந்துரும்டே."

"பெருசு பறந்துரும். குஞ்சு எப்படிப் பறக்கும்? ரெக்கை இல்லல்லா. விட்ட எடத்துலதான் கெடக்கும். அதுக்கும் அதே வாயிதானே, இப்பவே முட்டையக் குடிக்கும்லா?"

மேடம் மொபெட்டுக் கூடையத் திரும்பிப் பாத்துட்டு, "நம்மகிட்ட எத்தன சிம்னி இருக்கு?"ன்னாவ. டே இல்ல, சாரும் இல்ல. என் சர்வீசுல பெரிய அவார்டு அதான்.

பதினோரு சிம்னி, பிடிக்குத குஞ்ச அதுக்குள்ள வச்சுக் கொண்டு வர. எட்டு நாளு அண்ணாச்சி வயல்ல, விடிஞ்சும் விடியாம, பனியில பூச்சி மந்தமா இருக்குத நேரமாப் பாத்து. ஒரு குப்பி, அதுல ரெண்டு குழாய். ஒரு குழாய வாயில வச்சு உறிஞ்சுனா இன்னொண்ணு வழியாப் பூச்சி குப்பிக்குள்ள வந்துரும். நாங்க அதுல பிடிச்சோம். யக்காகிட்ட ஒண்ணு நீட்டுனேன். "சீ, ஒன் எச்சியா? கொண்டு போ அங்கிட்டு"ன்னுட்டு, வீட்டுல இருந்து நெளிஞ்சு போன எவர்சில்வர் தாம்பாளத்த எடுத்துட்டு வந்தா. குத்துக்குக் கீழ வச்சு ஒரு தட்டு. தவிட்டு நெறத்த ஊதி விட்டா, தாவுததத் தாவ விட்டா, மிச்சம் ஓடுதத மட்டும் காப்பி டம்ளர்ல தள்ளுனா. நாங்க ரெண்டு பேரும் சேந்து பிடிச்சதப் போல மூணு மடங்கு பிடிச்சா. மேடம் பாத்துட்டு, "இவளத்தான் நாங்க வேலைக்கு எடுத்திருக்கணும்"னாவ. "எடுங்களேன், நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?"னா யக்கா.

வட்டம் மேல பரவாம நின்னுட்டு. கால்வாசி போச்சு, முக்காவாசி அறுத்தா. ஆடிய எப்படியோ தாண்டிக்கிட்டா. அறுப்பு முடிஞ்சதும் ஒரு பை புது அரிசியோட ஆபீசுக்கு வந்து, "இது மேடத்துக்கு. ஒனக்குக் கெடையாது, நீ கால்வாசியத் தின்னுட்ட"ன்னுட்டுப் போனா. மேடம் அதுல பாதிய எனக்குக் குடுத்தாவ.

அறிக்கை எழுதும்போது நான் "மிரிட் குஞ்சுகளை விட்டதால் புகையான் கட்டுப்பட்டது"ன்னு எழுதுனேன். மேடம் ஒரு கோடு போட்டாவ. "வடிச்சோம், பிரிச்சோம், வேப்பெண்ணெய் விட்டோம், யூரியாவ நிறுத்துனோம், குஞ்சும் விட்டோம். எது காப்பாத்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமாடே?" தெரியாதுதான். அஞ்சையும் வரிசையா எழுதி நிறுத்திட்டோம். மேல இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, மருந்துச் சீட்டு எழுதுன ஆளு யாருன்னு கேட்டாரு. "எங்க ஆபீசு சார்"னாவ மேடம். அதுக்கு மேல ஒரு எழுத்து வாங்க முடியல அவரால. அந்த மார்கழிப் பக்கம் இன்னும் அந்த நோட்டுல இருக்கு. "தத்துப்பூச்சி"க்கு மேல ஒரு கோடு, பக்கத்துல "மிரிட்", அதுக்குக் கீழ என் கையெழுத்து. பழசும் நல்லாத் தெரியும்.

எனக்கு இந்த மூணு வருசத்துல கெடைச்சது ஒரு செவுத்துக் கடியாரமும் இந்த ரெண்டு பொம்பளையளும். கடியாரம் ஓடல. மத்தது ரெண்டும் இல்லன்னா நான் இன்னைக்கும் எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பேரு வச்சிக்கிட்டுத் திரிவேன். மேடத்துக்கு இப்ப தூத்துக்குடி பக்கம் மாத்தலாயிட்டு. லெட்டரு போட்டா பதிலு வரும், ரெண்டு வரி. மொத வரி "எத்தன நாளு பாத்த?"

ஆறு பேரும் கேட்டுக்கோங்க. புஸ்தகத்தப் படிச்சிட்டுத்தான் போங்க, நான் வேண்டாங்கல. ஆனா வயல்ல உங்களுக்குப் பின்னால குனிஞ்சு பாத்துக்கிட்டு ஒரு ஆளு வரும். அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. ரெண்டு தடவ சொல்ல வைக்காதிய.

முந்தாநாளு இசக்கியம்மா யக்கா டவுண் பஸ்சப் பிடிச்சி இந்தக் கடைக்கு வந்தா. முந்தானைக்குள்ள ஒரு சிம்னி. இந்தக் கார் போகத்து நெல்லுல பிடிச்சாளாம். "பேரு சொல்லு, மருந்தடிக்கணுமா வேண்டாமா?"ன்னா. உத்துப் பாத்தேன். பச்சையும் இல்ல, தவிட்டு நெறமும் இல்ல. தாவுது, ஆனா சாஞ்சு தாவுது. நான் பாக்காத சாதி. "தெரியல யக்கா"ன்னேன். "அப்பாடா"ன்னு சொல்லி, சிம்னிய இங்கனயே வச்சிட்டுப் போயிட்டா.

இந்தா, கீபோர்டுக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு தோலு உரிச்சிருக்கு. இன்னும் ரெக்கை வரல.